செக்கு வீட்டுக்கு வாழப்போகும் மகளுக்கு

பவித்ரா என்று எழுதினால் உனக்குப் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு ஞாபகத்துக்கு வரும். பாப்பா என்று எழுதினால் கோபம் இன்னும் கூடும். எப்படிக் கூப்பிட்டாலும் நீ இப்போது திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்பதால் எனக்குப் பிடித்த மாதிரியே கூப்பிட்டுக்கொள்கிறேன். பாப்பா, "அரியாங்குப்பத்து மாப்ள வூட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்று நான் போனில் சொன்னதும், "அவ்ளோ கெஞ்சினேனேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் மணிதான் அடிக்கிறது. உன் அம்மாவோடு மட்டும் பேசுகிறாயாம். அவளும் உன் கட்சிதான், காபி டம்ளரை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. அதனால் இன்று கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு, போண்டா மாவு பிசைகிற மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள் நீ. இதை மட்டும் வரிசையாகப் படி. இதில் ரகசியம் எதுவும் இல்லை, சென்னையில் உன் ரூமில் இருக்கும் பெண்களிடமும் காட்டு. கல்யாணத்துக்குப் பெண் வைத்துக்கொண்டு எதையாவது மறைத்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மா யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

உனக்கு மல்லாட்டை ஆகாது என்று தெரிந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு மறக்காது. வேர்க்கடலை என்று இப்போது நீ சென்னையில் நாகரிகமாகச் சொல்லலாம், நம் பக்கத்தில் அது மல்லாட்டைதான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இதே கடையில், இட்லிக்கும் வடைக்கும் நான் அரைக்கிற மல்லாட்டைச் சட்னிக்கென்றே ஆட்கள் வருவார்கள். அந்தச் சட்னியில் இட்லியைத் தொட்டு உன் வாயில் வைத்தேன். சப்புக்கொட்டிக்கொண்டு இன்னொரு வாய் கேட்டாய். அதற்குள் உதடு தடித்தது, கன்னம் பன்னாக உப்பியது, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்தது, அப்புறம் மூச்சில் விசில் சத்தம் வந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். உன்னை நடுவில் வைத்துக்கொண்டு கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டாய். மறுநாளே அந்தச் சட்னியை நிறுத்தினேன். "இன்னா மொதலாளி, இருந்த ஒரு நல்லதையும் நிறுத்திட்டீங்க" என்று வாடிக்கையாளர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள். புலம்பிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

அப்போது அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொண்டு ஊரெல்லாம் பரப்பினேன். குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சல் என்று சொன்னேன். அடுத்த முறை போனபோது அவர் சிரித்துவிட்டார். "கொறச்சல் இல்லீங்க. அவ ஒடம்புல இருக்கற காவக்காரன் ரொம்ப சுறுசுறுப்பு. மல்லாட்டையில இருக்கற புரதத்த பாத்ததும் திருடன் வந்துட்டான்னு வூட்டையே கொளுத்தறான்" என்றார். உன் உடம்பு பலவீனமானது இல்லை, வீண்வம்பு பண்ணுகிற உடம்பு. எங்கிருந்து வந்த குணம் என்று உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

ஆனாலும் எதிர்ப்பு சக்தி என்ற வார்த்தை நம் சொந்தக்காரர்களை விடவில்லை. ஒருத்தர் நெய் ஊற்று என்றார், ஒருத்தர் வெறும் வயிற்றில் தேங்காயெண்ணெய் என்றார். கடைக்கு வரும் ஒருவர் மீன் கொழுப்பு அலர்ஜியை அடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொல்ல, நான் தினமும் மத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். வீடே நாறியது. நீ முள்ளெடுப்பதுபோல் பாவனை செய்து பாதி மீனைத் தட்டுக்கு அடியில் பூனைக்குத் தள்ளினாய். பூனை கொழுத்ததே தவிர உன் அலர்ஜி இளைக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாவிடமே கேட்டேன். "மீன் நல்லதுதான், சாப்புடட்டும். அந்தக் கொழுப்பு ஒடம்புல வீக்கத்த தணிக்குமா, கர்ப்பமா இருக்கறவங்க சாப்ட்டா பொறக்கற கொழந்தைக்கு நல்லதான்னு எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க. உறுதியா சொல்ற நெலமையில யாரும் இல்ல. இருக்கற அலர்ஜியை எந்த எண்ணெயும் கழுவி விடாது" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். கீரை, பயறு, காய் இதிலிருக்கும் நாரைத் தின்று நம் குடலில் வாழும் நல்ல கிருமிகள் தாங்களே ஒருவகைக் கொழுப்பைத் தயார் பண்ணுமாம். அது குடலின் சுவரைப் பலப்படுத்தி, அந்தக் காவல்காரனுக்கும் கொஞ்சம் பொறுமை சொல்லிக்கொடுக்கும் என்று நினைக்கிறார்களாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "அப்ப இனிமே மீனுக்கு பதிலா கீரையா?" என்று நீ அங்கேயே அழ ஆரம்பித்தாய்.

இத்தனை பேசிய நாங்கள், பேச வேண்டிய ஒன்றைப் பேசவில்லை. அது எண்ணெய். கல்யாண வீடுகளில் மணிலா எண்ணெயில், அதாவது மல்லாட்டை எண்ணெயில், சுட்ட வடையும் அப்பளமும் நீ எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாய். உனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆகவே பருப்பு ஆகாது, எண்ணெய் ஆகும் என்று நாமாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பிறந்ததிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவன் நான், எண்ணெயைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும் என்ற திமிர் வேறு. புகையைப் பார்த்தே எண்ணெயின் வயதைச் சொல்வேன். அதற்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் அந்த விழுப்புரத்து வரன். அவர்களிடம் நாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னோம், நினைவிருக்கிறதா? மல்லாட்டை மட்டும் ஆகாது, பையில் எப்போதும் ஊசிமருந்து வைத்திருப்பாள், மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றோம். காபியைக் குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடுதான் போனார்கள். பிறகு தரகர் மூலம் பதில் வந்தது, நோயாளிப் பொண்ணு வேணாமாம், பொறக்கறதுக்கும் வந்துடுமாம். அன்றைக்கு நீ அழவில்லை. அலமாரியில் இருந்த அந்த ஊசிப் பையை எடுத்து, துணிகளுக்கு அடியில் திணித்தாய். அரியாங்குப்பத்திலிருந்து கார்த்தியின் ஜாதகம் வந்தபோது, "இந்த வாட்டி சொல்ல வேணாம்பா, கல்யாணத்துக்கு அப்புறம் நானே பாத்துக்கறேன்" என்று நீ சொன்னாய். நாங்களும் ஒத்துக்கொண்டோம். கார்த்தியிடம் நீ மல்லாட்டை பிடிக்காது என்று மட்டும் சொல்லி வைத்தாய். பிடிக்காததைப் பிடிக்க வைப்பது ஒரு மாமியாருக்குப் பெரிய வேலையா என்று நம் மூன்று பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

அதுவும் எப்படிப்பட்ட வீடு! கீழே மரச்செக்கு, மேலே வீடு. கார்த்தியின் அப்பா போன பிறகு அவன் அம்மாதான் மகனை வைத்துக்கொண்டு செக்கை நடத்துகிறார். கடை வாசலில் நின்று எண்ணெய் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் எடுக்கும் பாடத்தை நீயும் கேட்டிருக்கிறாய். "பாக்கெட்ல வரது எண்ணெயா? வெள்ளத் தண்ணி. அதுல மணமும் கெடயாது, சத்தும் கெடயாது. செத்துப்போன எண்ணெய்." எதிரில் இருக்கும் மளிகைக் கடைக்காரர் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொல்வார். எனக்கு அவரை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. கடைக்காரனுக்குக் கடைக்காரரைப் பிடிக்கும்.

கை நனைக்கப் போன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற நம் வழக்கத்தில், முடிவான பிறகு அந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் அதுதான் வாக்கு. இலையில் வைத்ததை ஒதுக்கினால் சம்பந்தத்தையே ஒதுக்கியதாக அர்த்தம். பெண்ணையும் கூட்டி வாருங்கள், வாழப்போகிற வீட்டைப் பார்க்கட்டும் என்று அந்த அம்மாதான் ஆசையாகக் கேட்டார். நீ கெட்டிக்காரி, முதலில் கேட்டுவிட்டாய். "அத்தை, எதுலயாவது மல்லாட்டை போட்டிருக்கீங்களா?" அவரும் சத்தியமாகத்தான் சொன்னார். "உனக்குப் புடிக்காதுன்னு கார்த்தி சொன்னாம்மா. ஒரு பருப்பு கூட போடல." பருப்புப் போடவில்லை. ஆனால் செக்கு வீட்டு மரியாதை ஒன்று இருக்கிறதே. விற்கிற எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விட்டுத்தான் விற்பார்கள். வீட்டுக்கு வருகிற புது உறவுக்கு மட்டும் அன்று காலையில் ஆட்டிய மணிலா எண்ணெயை, தெளியவிடாமல், கசடும் மணமுமாக அப்படியே சட்டியில் ஊற்றுவார்கள். அந்த எண்ணெயில் சுட்ட அதிரசம் உன் இலையில் விழுந்தது. நானும் சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு நல்ல அதிரசத்தை என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை.

உனக்கு வாயில் ஒரு நமைச்சல்கூட வரவில்லை. வழக்கமாகத் துளி பட்டாலே நாக்கு அரிக்கிறது என்று துப்பிவிடுவாய். அன்று ஒன்றும் இல்லாததால் ஒன்று முடிந்து இன்னொன்று சாப்பிட்டாய். அந்த அம்மா மூன்றாவதையும் வைத்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய். காரில் ஏறி, ஆற்றுப் பாலத்தின்மேல் வந்தபோது, "அப்பா, வயித்த பொரட்டுது" என்றாய். திரும்பிப் பார்த்தால் உதடு வீங்கியிருந்தது. அப்புறம் அந்த விசில் சத்தம். உன் அம்மா பையைக் கவிழ்த்துக் கொட்டி ஊசியை எடுத்து, பட்டுப்புடவையோடு சேர்த்து உன் தொடையில் குத்தினாள். நான்தான் வண்டியை ஓட்டிக்கொண்டே அழுதேன். ஊரைக் கடந்து கோரிமேடு போகும்வரை, "பேசுடி, பேசிக்கினே இரு" என்று அவள் உன்னை உலுக்கிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ கண் மூடிப் படுத்திருந்தபோது புதிய டாக்டர் ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னதை நீ கேட்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன், வாழ்நாளுக்கும் உனக்கு வேண்டும். அலர்ஜியைக் கிளப்புவது கொழுப்பு இல்லை, புரதம். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த மணிலா எண்ணெயில் அந்தப் புரதம் அநேகமாக எல்லாமே போய்விடுகிறது, அதனால்தான் கல்யாண வீட்டு வடை உன்னை விட்டுவைத்தது. செக்கில் ஆட்டியதில் அது கொஞ்சம் தங்கும். தெளியவிடாத கசட்டில் இன்னும் கூடுதலாகவே தங்கும். எந்த மணத்துக்காக அந்த எண்ணெயைத் தேடிப்போய் வாங்குகிறோமோ அதோடு ஒட்டிக்கொண்டு உன் எதிரியும் வருகிறான். "அப்ப ஏன் டாக்டர் ஒடனே தெரியல?" என்று உன் அம்மா கேட்டாள். "அதுவும் கொழுப்பு பண்ற வேலைதாம்மா. எண்ணெயில ஊறின பலகாரம் வயித்துல இருந்து மெதுவாத்தான் எறங்கும். புரதம் அந்தக் கொழுப்புக்குள்ள ஒளிஞ்சிக்கும். வாயில வர வேண்டிய எச்சரிக்கை வராது, இல்லன்னா லேட்டா வரும். அதுக்குள்ள நெறைய சாப்ட்டுடுவாங்க. அப்புறம் வரும்போது மொத்தமா வரும்" என்றார். இத்தனை வருடம் உன் நாக்கை நம்பி உன்னை வெளியே அனுப்பியிருக்கிறோம். எண்ணெய்ப் பலகாரத்தில் அந்த நாக்கு ஏமாந்துவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆகவே இனி மணிலா எண்ணெய் எதுவாக இருந்தாலும், சுத்திகரித்ததோ செக்கோ, நம்பாதே. அதே செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் நம்பாதே, முந்தி ஆட்டிய மல்லாட்டையின் மிச்சம் அதில் இருக்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்ற விளையாட்டே வேண்டாம்.

மறுநாள் கண் விழித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "அவங்க வூட்ல இன்னா சொன்னீங்க?" வெயிலில் மயக்கம் என்று உன் அம்மா சொல்லியிருந்தாள். "அப்படியே இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்குக் கார்த்தியைப் பிடித்திருக்கிறது. தினமும் மணிக்கணக்கில் போனில் பேசுகிறீர்கள், அவன் சொல்லும் சப்பை ஜோக்குக்கெல்லாம் நீ சிரிக்கிறாய், அப்பனுக்குத் தெரியாதா? அவனை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் உன்னை அப்படிக் கெஞ்ச வைத்தது. நான் சரி என்றேன். நீ சென்னைக்குப் பஸ் ஏறினாய்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் கைதான் கண்ணில் தெரிந்தது. உன்னை வெறுக்கிற மாமியாராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. நீயே தள்ளி இருந்திருப்பாய். இவர் ஆசையாக ஊற்றுவார். தோசைக்கு ஊற்றுவார், பருப்புப் பொடிக்கு ஊற்றுவார், நீ இளைத்துவிட்டாய் என்று இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். நீ ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யை வைத்து உன் இலையைக் காப்பாற்ற வேண்டும். ஒருநாள் பொய் தீர்ந்துவிடும். கல்யாணம் நின்றால் நீ அழுவாய், அதைப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் அழுகிற மகளோடு என்னால் வாழ முடியும். அதனால் போனேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ சொல்லாதே என்றதை நான் சொன்னது உனக்குச் செய்த துரோகம்தான். மறுபடியும் அதே நிலை வந்தால் மறுபடியும் செய்வேன்.

நான் போனபோது அந்த அம்மா வழக்கம்போல ஒரு வாத்தியார் வீட்டுப் பெண்மணிக்குப் பாக்கெட் எண்ணெயின் தீமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, மருமவ எப்டி இருக்கா? வெயிலு ஒத்துக்கலயாமே" என்றார். அந்தப் பெண்மணி போகும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்னியில் ஆரம்பித்துப் பாலம் வரை சொன்னேன். அவர் புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கார்த்தி செக்கை நிறுத்தினான். அந்த ஓசை நின்றதும் தெருச்சத்தம் மட்டும் கேட்டது. "நான் ஊத்துனதாலயா?" என்று கேட்டார். "மூணாவது நான்தானே அண்ணா வெச்சேன். வேணாம்னு கை காட்டுனா. நான்தானே வெச்சேன்." அப்புறம் கோபம் வந்தது. அப்படியொரு கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "ஏன் சொல்லல? சொன்னா வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சிக்கினீங்களா? என் கையாலயே ஒரு புள்ளைய கொன்னுட்டு, காலத்துக்கும் இந்தச் செக்க நான் எப்டிப் பாப்பேன்?" கார்த்தி கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த அம்மா என்னைப் பார்க்காமல், "எங்க தொழிலே அவளுக்கு வெஷம்னா, இந்த வூட்டுக்கு அவள எப்டி அண்ணா கூட்டியாரது? நான் யோசிக்கணும். நீங்க போய்ட்டு வாங்க" என்றார். பாலத்தைத் திரும்பக் கடக்கும்போது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் பண்ணினேன். நீ வைத்துவிட்டாய்.

கார்த்தி ஏன் இத்தனை நாள் உனக்குப் போன் பண்ணவில்லை என்று நீ தவித்திருப்பாய். அவன் அம்மா போட்ட தடை அது. ஒரு முடிவு தெரியாமல் அந்தப் பெண்ணிடம் ஆசை வார்த்தை பேசாதே என்றாராம். அவன் சும்மா இருக்கவில்லை. கோரிமேட்டுக்குப் போய் அதே டாக்டரைப் பார்த்து, உன்னால் செக்கு வீட்டில் வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறான். முடியும், ஆனால் சமையலும் பாத்திரமும் துணியும் தனியாக இருக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் ஊசி போடத் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்று காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். போனால், அந்த அம்மா ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலி ஊசியால் குத்திப் பழகிக்கொண்டிருக்கிறார். "தொடையில வெளிப்பக்கம்தானே அண்ணா? பொடவையோடவே குத்தலாம்தானே?" என்று என்னைச் சோதித்தார். கார்த்தி மாடியைக் காட்டினான். புதிதாக ஒரு குசினி, உனக்கென்றே தனிச் சமையலறை, சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. "கீழ இருக்கற கரண்டி ஒண்ணு கூட மேல வராது மாமா. நான் குளிச்சிட்டு துணி மாத்திக்கினுதான் மேல ஏறுவேன்" என்றான். குளிக்கிற மாப்பிள்ளை கிடைத்தது உன் அதிர்ஷ்டம்.

அப்போது அந்த அம்மா, "கூட வாங்கண்ணா, எந்த எண்ணெயின்னு நீங்கதான் காட்டணும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். எங்கே என்று எனக்குப் புரியவில்லை. நேராக எதிர் மளிகைக் கடைக்குப் போனார். மல்லாட்டை கலக்காத, உனக்கு ஆகிற சூரியகாந்தி எண்ணெய் எது என்று என்னிடம் கேட்டு, அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கார்த்தியை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்குப் பாடம் கேட்ட அந்த வாத்தியார் வீட்டுப் பெண்மணியும் இருந்தார், திறந்த வாயை மூடவில்லை. மளிகைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னாக்கா, செக்க மூடிட்டீங்களா? செத்துப்போன எண்ணெய் உங்க வூட்டுக்கா?" என்று கேட்டார். பிறகு பாவம் என்று தோன்றியதோ என்னவோ, பாக்கெட்டை செய்தித்தாளில் சுற்றப் போனார். அந்த அம்மா அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சுத்த வேணாம். மருமவளுக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், பாப்பா. இரண்டு கையிலும் அந்தப் பாக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டு, நட்ட நடு வெயிலில் தெருவைக் கடந்து, தன் சொந்தச் செக்கின் வாசல் வழியாக, எண்ணெய் வாங்கக் காத்திருந்தவர்கள் முன்னாலேயே மாடிப்படி ஏறினார். நாம் மூன்று பேரும் சேர்ந்து துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்ததை அவர் ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார். நான் தெருவில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கார்த்தி எண்ணெய்த் துணியை என்னிடம் நீட்டினான்.

இன்று சாயங்காலம் அந்த அம்மா உனக்குப் போன் பண்ணுவார். கல்யாணத்துக்கு அதிரசம் எதில் சுடுவது என்று உன்னிடம்தான் கேட்பாராம், என்னைக் கேட்க மாட்டாராம். நான் கூப்பிடுவதை நீ எடுக்காவிட்டால் போகிறது, காபி சத்தத்தோடு நான் இன்னும் கொஞ்ச நாள் காலம் தள்ளிக்கொள்வேன். அந்த அம்மா கூப்பிடுவதை மட்டும் எடுத்துப் பேசு பாப்பா.

அப்பா